மேடற்ற நிலத்தில் ஆழிப்பேரலை: திருக்கடையூர் – தரங்கம்பாடிக் கடற்கரையின் பொறியியல் ஆயத்தம்

ஆய்வுச் சுருக்கம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் தமிழகத்தில் மிகப் பெரிய இழப்பைக் கண்டது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். நிலநடுக்கத்திற்கும் ஆழிப்பேரலைக்குமான ஆயத்தம் பற்றிய அறிவுரைகள் பல, மலைகளை ஒட்டிய கடற்கரைகளையும் நடுக்கத்தின் மையத்திற்கு அருகில் உள்ள நாடுகளையும் மனத்திற்கொண்டு உருவானவை. காவிரிக் கழிமுகத்தில் ஏறி நிற்க மேடு இல்லை. நடுக்கம் பிறக்கும் இடமும் தொலைவில் உள்ளது. இவ்விரு வேறுபாடுகளும் கட்டட வடிவமைப்பையும் வெளியேற்றத் திட்டத்தையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதைத் திருக்கடையூர் – தரங்கம்பாடிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆழிப்பேரலை, நிலநடுக்கம், காவிரிக் கழிமுகம், திருக்கடையூர், தரங்கம்பாடி, செங்குத்து வெளியேற்றம், முன்னெச்சரிக்கை

முன்னுரை

திருக்கடையூர் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. மேற்கே உள்ளது. வடகிழக்கில் பூம்புகாரும் தென்கிழக்கில் தரங்கம்பாடியும் பத்துக் கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளன. இடைப்பட்ட கடலோரத்தில் சின்னங்குடி, குட்டியாண்டியூர், பெருமாள்பேட்டை முதலிய மீனவர் ஊர்கள் உள்ளன. முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி வட்டத்தில் அடங்கும். காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் கடைமடை நிலம் இது. வயல், வாய்க்கால், வடிகால், மீண்டும் வயல் என்று நிலம் சமதளமாகவே கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய தொலைவில் உயர்ந்து நிற்பவை கோபுரங்களும் நீர்த்தேக்கத் தொட்டிகளும் கைப்பேசிக் கோபுரங்களும் மட்டுமே.

ஆழிப்பேரலைக்கான அறிவுரைகளில் முதலாவது ‘உயரமான இடத்திற்குச் செல்லுங்கள்’ என்பதாகும். சப்பானின் வடகிழக்குக் கடற்கரையில் பல ஊர்களுக்குப் பின்னால் குன்றுகள் உள்ளன. அங்கே இவ்வறிவுரை பொருள் உடையது. சின்னங்குடியில் நிற்பவருக்கு இதனால் பயனில்லை. அவருக்கு இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, மேற்கு நோக்கிப் போதிய தொலைவு செல்வது. மற்றொன்று, மனிதர் கட்டிய உயரத்தில் ஏறுவது. இவ்விரண்டையும் முன்கூட்டியே உருவாக்கி வைப்பது பொறியியலின் பணி.

அலை வந்த முறை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் காலை 6.28 மணி அளவில் சுமத்ராவின் வடமேற்குக் கடலடியில் நிலநடுக்கம் தொடங்கியது. அதன் அளவு 9.1 முதல் 9.3 வரை கணிக்கப்பட்டுள்ளது. இந்தியப் புவித்தட்டு பர்மியத் தட்டின் கீழ் அமிழும் எல்லையில் பிளவு வடக்கு நோக்கி ஓடி, நிக்கோபார், அந்தமான் தீவுகள் வரை ஏறத்தாழ 1,200 முதல் 1,300 கி.மீ. நீளத்திற்கு நீண்டது. கடலடித் தரை திடீரென உயர்ந்ததால் அதன்மேல் இருந்த நீர்த்தொகுதி முழுவதும் தூக்கப்பட்டது.

ஆழிப்பேரலையின் வேகத்தை அறிவது எளிது. கடலின் ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். வங்கக் கடலின் ஆழத்தை 3,000 மீட்டர் எனக் கொண்டால் மணிக்கு 600 கி.மீ.க்குச் சற்று மேலான வேகம் கிடைக்கும். ஆழம் 10 மீட்டராகக் குறையும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. ஆகிறது. முன்னே செல்லும் நீர் வேகம் தளரப் பின்னே வரும் நீர் நெருங்குவதால் அலையின் உயரம் வளர்கிறது. இவ்வளர்ச்சி ஆழ விகிதத்தின் நான்காம் மூலத்திற்கு ஏற்ப நிகழும். 3,000 மீட்டர் ஆழத்திலிருந்து 10 மீட்டர் ஆழத்திற்கு வரும்போது உயரம் நான்கு மடங்கிற்குச் சற்று மேல் பெருகும். அன்று நடுக்கத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் வங்கக் கடலின் மேலே சென்ற ‘ஜேசன்-1’ செயற்கைக்கோள் திறந்த கடலில் 60 செ.மீ. அளவிலான அலையைப் பதிவு செய்தது. அதை நான்கு மடங்காக்கினால் இரண்டரை மீட்டர் வரும். பின்னர்ச் சோழமண்டலக் கடற்கரையில் நேரில் அளந்த ஆய்வாளர்கள் கண்ட நீரேற்ற உயரங்கள் பெரும்பாலும் இரண்டரை முதல் ஐந்து மீட்டருக்குள் அமைந்தன. கடலடிச் சரிவும் கரையின் வளைவும் ஆற்று முகமும் இடத்திற்கு இடம் உயரத்தை மாற்றியுள்ளன.

காலை 9 மணியை ஒட்டி அலை தமிழகக் கரையை அடைந்தது; சென்னைத் துறைமுகக் கருவி அதை 9.05 அளவில் பதிவு செய்தது. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். ஓரிரு மீட்டர் நீரில் இவ்வளவு பேர் இறப்பார்களா என்று ஐயுறுவோர் உண்டு. ஆழிப்பேரலை என்பது கரையில் உடைந்து திரும்பும் சாதாரண அலை அன்று. அதன் ஒரு சுற்று பல நிமிடங்கள் நீடிப்பதால், கடலே மட்டம் உயர்ந்து ஆறுபோல நிலத்தில் ஓடுகிறது. பிறகு அதே வேகத்தில் திரும்புகிறது. இடுப்பளவு நீரிலும் அவ்வோட்டத்தை எதிர்த்து நிற்க இயலாது.

பொதுவாகக் கவனத்திற்கு வராத செய்தி ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பிளவின் மேற்குப் பக்கத்தில் கடலடி உயர்ந்தது, கிழக்குப் பக்கத்தில் தாழ்ந்தது. எனவே தாய்லாந்துக் கரையில் முதலில் கடல் உள்வாங்கியது. இந்தியா, இலங்கைக் கரைகளுக்கு முதலில் வந்தது உயர்ந்த முகடு. ‘கடல் உள்வாங்கினால் ஓடுங்கள்’ என்பது நல்ல அறிவுரைதான், ஆனால் இக்கரையில் அந்த அறிகுறி முதல் அலைக்கு முன் தோன்றும் என்று நம்பி இருக்க முடியாது. ‘நிலம் கடுமையாக ஆடினால் ஓடுங்கள்’ என்பதும் அவ்வாறே. சென்னையில் அன்று காலை மெல்லிய அதிர்வு உணரப்பட்டது. ஆயினும் அச்சுறுத்தும் ஆட்டம் எங்கும் இல்லை. சுமத்ராவை அடுத்த சிமியூலு தீவில் 1907ஆம் ஆண்டு அலையின் நினைவைத் தாத்தா பாட்டியர் ‘ஸ்மோங்’ என்னும் சொல்லில் வழிவழியாகக் கடத்தி வந்தனர். 2004இல் நிலம் ஆடியதும் அத்தீவு மக்கள் குன்றேறினர். எண்ணிச் சொல்லத்தக்க சிலரே அங்கு இறந்தனர். அவர்களிடம் அறிகுறியும் இருந்தது, குன்றும் இருந்தது. நம் கரையில் இரண்டும் இல்லை.

இதற்கு முன் வந்ததா?

‘கடற்கோள்’ தமிழ் மரபில் பழகிய சொல். புகாரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. இதைக் கொண்டு பழந்தமிழர் ஆழிப்பேரலையை அறிந்திருந்தனர் என்று உடனே முடிவு கட்டுவது முறையன்று. கடற்கோளில் கடல் நிலத்தைக் கொண்டுவிடுகிறது, நிலம் மீள்வதில்லை. ஆழிப்பேரலையில் நீர் வந்து திரும்பிவிடுகிறது. தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதி கடலரிப்பால் அழிந்தது. ஒரே நாளில் வந்த அலை அதைக் கொண்டுசெல்லவில்லை. நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த அரிப்பே கொண்டுசென்றது. இலக்கியச் சான்றுகளைப் படிக்கும்போது இவ்விரு நிகழ்வுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மண்ணின் சான்று இதைவிடத் தெளிவாக உள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தில் அகழ்ந்து ஆராய்ந்த சி.பி. இராஜேந்திரன் முதலானோர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட, கடல் கொண்டுவந்து படிய வைத்த மணலடுக்கு ஒன்றை அடையாளம் கண்டு, அது சோழர் காலத்து ஆழிப்பேரலையின் எச்சம் என 2011இல் எழுதினர். அதன்பின் 1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் அருகே 7.9 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய சிறிய அலையை வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகள் பதிவு செய்தன. நாகப்பட்டினத்துக் கருவியும் அவற்றுள் ஒன்று. அதன் உயரம் ஒரு மீட்டர் அளவினதே ஆதலால் ஊர் நினைவில் அது நிற்கவில்லை.

பெரிய அலைகளுக்கு இடைப்பட்ட காலம் நூற்றாண்டுக் கணக்கினது என்பதே இவற்றால் பெறப்படுவது. ஒரு வீட்டின் ஆயுள் 50 ஆண்டு. அவ்வீட்டில் வாழ்பவர் தம் வாழ்நாளில் பெரும் அலையைக் காணாமலே போகக்கூடும். ஆதலின் அதற்கென்று மட்டும் ஓர் அமைப்பைக் கட்டினால் அது பராமரிப்பின்றிப் பாழாகும். ஆண்டுதோறும் பயன்படும் ஒன்றையே ஆழிப்பேரலைக்கும் தாங்குமாறு அமைப்பதே இக்கரைக்கு ஏற்றது. அத்தகைய கட்டடத்தின் வடிவமைப்பில் எழும் சிக்கலை அடுத்துக் காணலாம்.

நிலம் கேட்பதும் நீர் கேட்பதும்

நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடமும் ஆழிப்பேரலையைத் தாங்கும் கட்டடமும் ஒன்றே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றின் தேவைகள் சில இடங்களில் ஒன்றுக்கொன்று முரணானவை.

நிலநடுக்கத்தில் கட்டடத்தின் மீது செயல்படும் விசை அதன் எடையிலிருந்தே பிறக்கிறது. எடை குறைந்தால் விசையும் குறையும். ஆழிப்பேரலையில் நீர் கட்டடத்தைத் தள்ளுவதோடு மேல்நோக்கித் தூக்கவும் செய்கிறது. அங்கே எடை துணையாகிறது. நிலநடுக்கத்திற்குத் தரைத்தளம் மேல்தளங்களைப்போல் விறைப்பாக இருக்க வேண்டும். 2001 சனவரி 26ஆம் நாள் பூச் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் வாகன நிறுத்தத்திற்காகத் தரைத்தளத்தைத் திறந்து விட்டிருந்த அடுக்குமாடிகள் பல சரிந்தன. மாறாக, ஆழிப்பேரலைக்குத் திறந்த தரைத்தளமே நல்லது. நீர் தூண்களுக்கிடையே புகுந்து போய்விடும். இரண்டையும் ஒரே கட்டடத்தில் நிறைவேற்றுவது எவ்வாறு?

எண்களை இட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும். கடலோரத்தில் 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உடைய இரண்டடுக்குப் பள்ளிக் கட்டடம் ஒன்றைக் கொள்வோம். முதல் தளத்தையும் மொட்டைமாடியையும் சேர்த்து அதன் எடை 400 டன் என்க. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 1893 விதித்தொகுப்பு, 2016ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, தஞ்சாவூரை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்தில் வைக்கிறது. அம்மண்டலத்தின் காரணி 0.10. பள்ளி முக்கியக் கட்டடம் ஆதலால் அதற்குரிய காரணி 1.5, வளைந்துகொடுக்குமாறு கம்பி கட்டப்பட்ட சட்டகத்திற்கு உரிய குறைப்புக் காரணி 5. இவற்றின்படி கிடைமட்ட விசை எடையில் 3.75 விழுக்காடு, அதாவது 15 டன்.

இனி நீரை நோக்குவோம். 3 மீட்டர் ஆழ நீர் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், மூடிய சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 7.8 டன் விசை விழும். 20 மீட்டர் சுவருக்கு அது 156 டன். நிலநடுக்க விசையைப்போல் பத்து மடங்கு! ஒப்பீட்டிற்காகக் கூறினால், நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வீசும் கடும் புயற்காற்று அதே சுவரின் ஒரு மீட்டர் நீளத்தில் ஒரு டன்னுக்கும் குறைவான விசையையே தரும். தரைத்தளச் சுவர்களை நீக்கி, 45 செ.மீ. அகலமுள்ள 15 தூண்களை மட்டும் நிறுத்தினால் நீர்விசை எல்லாத் தூண்களுக்கும் சேர்த்து 53 டன்னாகக் குறைகிறது. திறந்த தரைத்தளத்தின் தூண்களை இரண்டரை மடங்கு நிலநடுக்க விசைக்கு வடிவமைக்க வேண்டும் என்று பூச் நடுக்கத்திற்குப் பின் வந்த 2002 பதிப்பு கூறியது. அவ்விதியைப் பின்பற்றினாலும் 15 டன் 37.5 டன் ஆகுமேயன்றி 53 டன்னைத் தாண்டாது. ஆகவே இக்கடற்கரையில் தூணின் பருமனை முடிவு செய்வது நீர். அஸ்ஸாமிலோ கட்ச்சிலோ இக்கணக்கு வேறாக இருக்கும். அங்குள்ள வரைபடத்தை இங்கே அப்படியே கொண்டுவருவதும், இங்குள்ளதை அங்கே கொண்டுசெல்வதும் தவறு.

இதனால் நிலநடுக்க விதிகளைத் தள்ளிவிடலாம் என்று பொருளில்லை. 2001 செப்டம்பர் 25ஆம் நாள் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவிலான நடுக்கம் ஏற்பட்டு நம் கரையை உலுக்கியது. கடலோர மணலில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால், ஆட்டத்தில் மணல் இறுக்கம் இழந்து நீர்மம்போல் ஆகும் வாய்ப்பையும் மண் ஆய்வில் சோதிக்க வேண்டும். கம்பி கட்டுவோர் ‘ரிங்’ என்று கூறும் வளையக் கம்பிகளைத் தூணின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் நெருக்கமாக இட்டு, அவற்றின் கொக்கியைத் தூணின் உட்புறமாக 135 பாகைக்கு மடக்கவேண்டும் என்பது ஐ.எஸ். 13920 கூறும் விதி. செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது. இவ்விதி நிலநடுக்கத்திற்காக எழுதப்பட்டது. எனினும் படகு வந்து மோதும் தூணையும் காப்பது இதுவே.

படகு மோதுவது கற்பனை அன்று. நாகப்பட்டினத் துறைமுகத்திலும் அக்கரைப்பேட்டையிலும் 2004இல் விசைப்படகுகள் தூக்கி எறியப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடித்து வரப்படும் மரமும் படகும் தூண் வரிசையில் சிக்கினால், திறந்த தரைத்தளம் சிறிது சிறிதாக அடைபட்டு மீண்டும் சுவராகிவிடும். எனவே படகுத் துறைக்கு நேர் எதிரே புகலிடம் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.

எடைக்குறைவின் தீங்கைக் கன்னியாகுமரி மாவட்டத்து மேலமணக்குடிப் பாலம் காட்டியது. ஆற்று முகத்தில் நின்ற அப்பாலத்தின் மேல்தளங்கள் தூண்களின்மேல் வெறுமனே அமர்ந்திருந்தன. நீருள் மூழ்கிய கான்கிரீட் தன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் இழக்கும். விட்டங்களுக்கிடையே காற்று சிக்கினால் இழப்பு இன்னும் மிகும். அவ்வாறு இலேசாகிய தளங்களை ஓட்டம் தூண்களிலிருந்து பெயர்த்து அகற்றியது. தளத்தைத் தூணோடு பிணைக்கும் தடுப்புகளும், காற்று வெளியேறத் துளைகளும் இருந்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கலாம். வாய்க்காலுக்கு வாய்க்கால் பாலம் உள்ள கடைமடைப் பகுதியில் இது சிறு செய்தி அன்று. வெளியேறும் வழியும் பின்னர் மீட்புக் குழு வரும் வழியும் அப்பாலங்களே.

கடைக்கால் பற்றியும் ஒரு சொல். ஓடும் நீர் கட்டடத்தின் மூலைகளில் மணலை அரித்துக் குழி பறிக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் நிற்கும் கடைக்கால் சில நிமிடங்களில் அடியற்றுப் போகும். மணற்பகுதியில் புகலிடக் கட்டடத்திற்கு ஆழ்ந்த பைல் அடித்தளம் வேண்டும். 2011இல் சப்பானின் ஒனகாவா நகரில் கான்கிரீட் கட்டடங்கள் சில உடையாமலே அடியோடு கவிழ்ந்தன. ஆகவே பைல் கீழே இறங்குவதைத் தாங்கினால் மட்டும் போதாது, மேலே இழுபடுவதையும் தாங்க வேண்டும்.

எவ்வளவு உயரம்?

புகலிடத் தளத்தின் உயரத்திற்கு அமெரிக்க வழிகாட்டு நெறி ஓர் எளிய கணக்கைத் தருகிறது: எதிர்பார்க்கும் நீர் ஆழத்தை 1.3ஆல் பெருக்கி, அதனோடு 3 மீட்டர் கூட்ட வேண்டும். நம் கரையில் நீர் ஆழம் 4 மீட்டர் என்று கொண்டால் 8.2 மீட்டர் கிடைக்கும். ஒரு மீட்டர் உயர்த்திய அடிமட்டமும் தளத்திற்கு 3.6 மீட்டர் வீதம் இரண்டு தளங்களும் சேர்ந்தால் சரியாக 8.2 மீட்டர். அதாவது இரண்டடுக்குப் பள்ளியின் மொட்டைமாடி போதும். வாசிங்டன் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் 2016இல் திறக்கப்பட்ட ஒகோஸ்டா தொடக்கப்பள்ளி இவ்வாறு கூரையே புகலிடமாகக் கட்டப்பட்டது. தமிழகக் கடலோரத்தில் எழுந்துள்ள பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்களும் இப்பணிக்கு ஏற்றவை. புயல் இங்கே அடிக்கடி வருவதால் அவை பயனின்றிக் கிடக்கமாட்டா. ஆனால் காற்றுக்காக வடிவமைத்த கட்டடம் நீரைத் தாங்குமா என்பதை மேற்கூறிய கணக்கின்படி தனியே சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தால் பயனில்லை. படிக்கட்டு கட்டடத்தின் வெளிப்புறத்தில், எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும். பள்ளி நிர்வாகத்தார்க்கு இதில் தயக்கம் இருப்பது இயல்பே. அத்தயக்கத்தை ஊரார் முன்னிலையில் பேசித் தீர்ப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே எனக்குத் தோன்றுகிறது.

சுவரா, சவுக்கா?

2004க்குப் பின் தரங்கம்பாடி உள்ளிட்ட பல ஊர்களில் கருங்கல் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. புதுச்சேரி நகரைப் பிரெஞ்சுக்காரர் காலத்துக் கடற்சுவர் அன்று காத்தது என்பது இதற்கு முன்னோடி. கல்சுவர் ஓரிடத்தைக் காக்கும். ஆனால் நம் கரையில் மணல் ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால் வடக்கு நோக்கியே நகர்கிறது. தூண்டில் வளைவோ துறைமுகக் கரமோ அதைத் தடுத்தால் அதன் வடபுற ஊர் அரிக்கப்படும். ஓர் ஊரின் பாதுகாப்பு அடுத்த ஊரின் இழப்பாகும் இச்சிக்கலைத் தனித்தனி ஊர்களாக நோக்கித் தீர்க்க இயலாது.

மரங்களைப் பற்றி மிகை நம்பிக்கையும் உண்டு. வேதாரணியம் பகுதியில் நாலுவேதபதி ஊரார் 2002இல் ஒரே நாளில் நட்ட 80,000க்கும் மேற்பட்ட கன்றுகள் 2004இல் ஊரைக் காத்தன என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. பரங்கிப்பேட்டையைச் சுற்றிய 18 குப்பங்களை ஆராய்ந்த கதிரேசன், இராஜேந்திரன் இருவரும் அலையாத்திக் காடு உயிரிழப்பைக் குறைத்தது என 2005இல் எழுதினர். அதே தரவை 2006இல் மறு ஆய்வு செய்த கெர் முதலானோர், கடலிலிருந்து ஊரின் தொலைவும் நில உயரமுமே இழப்பின் பெரும்பகுதியை விளக்குகின்றன என்று மறுத்தனர். காடு இருந்த ஊர்கள் இயல்பாகவே உள்ளே தள்ளி இருந்தன என்பது அவர்கள் வாதம். இம்மறுப்பு வலுவானது என்றே கருதுகிறேன். மரம் ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும், அடித்துச் செல்லப்படுபவருக்குப் பற்றுக்கோடாகும், மணல்மேட்டைப் பிடித்து நிறுத்தும். இவை போதிய நன்மைகள். ஆயினும் சவுக்குத் தோப்பை நம்பி ஊரில் தங்கிவிடுவது ஆபத்து.

தொலைவே காப்பு எனில் ஊரையே உள்ளே நகர்த்தலாமே என்ற எண்ணம் எழும். 2005 மார்ச் 30 நாளிட்ட அரசாணை 172, உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் விரும்பினால் அதற்கு அப்பால் புது வீடு பெற வழி செய்தது. மீனவருக்குக் கடல் கண்ணில் பட வேண்டும். நீரின் நிறமும் காற்றின் போக்கும் பார்த்தே தொழில் நடக்கிறது. வலையும் படகும் கரையில் இருக்க, உறக்கம் மட்டும் ஒரு கிலோமீட்டர் உள்ளே என்பது எல்லோர்க்கும் இசைவதன்று. ஆகவே பகலில் கரையில் மக்கள் இருப்பார்கள் என்பதை ஏற்றே திட்டமிட வேண்டும். 2004இல் அலை வந்ததும் பகலில்தான்.

இரண்டரை மணி நேரம்

குன்று இல்லாத குறைக்கு ஈடாக இக்கரைக்குக் கிடைத்திருப்பது நேரம். சுமத்ரா – அந்தமான் பிளவில் எழும் அலை இங்கு வர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். சப்பானில் 2011 மார்ச் 11ஆம் நாள் பல ஊர்களுக்குக் கிடைத்தது அரைமணியை ஒட்டிய நேரமே.

இந்நேரத்தைப் பயன்படுத்தும் அமைப்பு 2004இல் இல்லை. இப்போது உள்ளது. ஐதராபாத்தில் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 முதல் இயங்குகிறது. நிலநடுக்கத்தின் இடமும் அளவும் பத்து நிமிட அளவில் கணிக்கப்படுகின்றன. முன்பே கணினியில் கணித்து வைத்த நிகழ்வுகளுள் பொருத்தமானது எடுக்கப்பட்டு, ஒவ்வொரு கடலோரப் பகுதிக்கும் அலை உயரம் மதிப்பிடப்படுகிறது. ஆழ்கடல் தரையில் வைக்கப்பட்ட அழுத்தமானிகளும் கரையோர ஓதமானிகளும் அலை உண்மையில் எழுந்ததா என்பதை உறுதி செய்கின்றன. 2012 ஏப்ரல் 11ஆம் நாள் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நடுக்கம் ஏற்பட்டபோது இவ்வமைப்பு பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. கடலோர மக்கள் வெளியேறினர். பெரிய அலை வரவில்லை. அன்று புவித்தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்தனவேயன்றிக் கடலடி பெரிதாக உயரவில்லை. இது ‘பொய் எச்சரிக்கை’ அன்று. ஆனால் இவ்வேறுபாட்டைக் கடலோரத்தில் யாரேனும் விளக்காவிட்டால் அடுத்த முறை சிலர் எழுந்து வரமாட்டார்கள்.

பத்து நிமிடத்தில் ஐதராபாத்தில் பிறக்கும் செய்தி சின்னங்குடித் தெருவை எப்போது எட்டும் என்பதே எஞ்சிய வினா. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு இதற்கு நல்ல சான்று. 2004இல் அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, வழக்கமாகக் கடல் நிலவரம் கூறுவது, அன்று வெளியேறுமாறு அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர். நாள்தோறும் ஒலித்த குரல் அது. ஊரார் அதை நம்பினர். ஆண்டிற்கொரு முறை ஒத்திகையில் மட்டும் ஒலிக்கும் சங்கொலிக்கு அந்நம்பிக்கை வாய்ப்பது அரிது. ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி ஆகிய இரு சிற்றூர்களை 2020இல் யுனெஸ்கோவின் பெருங்கடல் ஆணையம் ‘ஆழிப்பேரலைக்கு ஆயத்தமான’ ஊர்களாக ஏற்றது. அவ்வேற்பிற்குரிய தேவைகளுள் வெள்ள வரைபடம், வெளியேற்ற வழிப்பலகை, ஒத்திகை, இருபத்துநான்கு மணி நேரமும் செய்தி பெறும் வழி ஆகியன அடங்கும். தரங்கம்பாடி வட்டத்து ஊர்களுக்கு இவற்றுள் எதுவும் எட்டாததன்று.

மேற்கு நோக்கிய சாலை

மெதுவாக நடக்கும் முதியவர் நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் சென்றால் ஒன்றரைக் கிலோமீட்டரை அரைமணியில் கடப்பார். செய்தி உரிய நேரத்தில் வந்தால் இக்கடலோரத்தில் எவரும் ஓட வேண்டியதில்லை, நடந்தே தப்பலாம். அவர் நடக்கும் திசைதான் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலை கரைக்கு இணையாகத் தெற்கு வடக்காக ஓடுகிறது. வண்டி உள்ளவர் அதில் ஏறி விரைந்து செல்ல எண்ணுவது இயல்பு. கரையை ஒட்டியே ஓடும் இடங்களில் அதனால் ஆபத்து நீங்காது. வெளியேற்றத்திற்கு உரியவை மேற்கு நோக்கும் சிற்றூர்ச் சாலைகள். அவற்றிலும் ஆற்றங்கரையை ஒட்டியவற்றைத் தவிர்க்க வேண்டும். அலை ஆற்று முகத்தின் வழியே திறந்த கரையைவிட நெடுந்தொலைவு உட்புகும். கடைமடையின் நண்டலாறும் உப்பனாறும் பிற வடிகால்களும் கடல்நீருக்கு வாயிலாவது இவ்வாறே. வயலில் உப்புநீர் ஏறாமல் தடுக்கும் கடைமடை மதகுகள் இங்கே இரட்டைப் பயன் தருவன. அவற்றின் கதவுகள் இயங்கும் நிலையில் உள்ளனவா என்பதை வேளாண்மைக்காக மட்டுமன்றி இதற்காகவும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

இச்சாலைகள் சென்று சேரும் இடமாகத் திருக்கடையூர் அமையலாம். மணிவிழாவும் எண்பதாம் அகவை விழாவும் காணவரும் குடும்பங்களுக்காக அங்கே மண்டபங்களும் விடுதிகளும் சமையற்கூடங்களும் உள்ளன. 2004 பேரழிவின்போது மாவட்டம் முழுவதும் திருமண மண்டபங்களும் பள்ளிகளுமே முகாம்களாயின. அதை முன்கூட்டியே ஒப்பந்தமாக்கி, எந்த ஊரார் எந்த மண்டபத்திற்கு என்பதை எழுதி வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

இதே ஊரிலிருந்து எதிர்த்திசையிலும் மக்கள் செல்கின்றனர். விழா முடித்த குடும்பங்கள் பிற்பகலில் பூம்புகாரையும் தரங்கம்பாடி டேனியக் கோட்டையையும் காணச் செல்வது வழக்கம். அவர்களுள் அறுபதும் எண்பதும் கடந்தோர் பலர். கரையூர் மீனவருக்குத் தெரிந்த எந்தப் பாதையும் இவர்களுக்குத் தெரியாது. 2004இல் வேளாங்கண்ணியில் இறந்தோருள் கிறிஸ்துமசை ஒட்டி வெளியூர்களிலிருந்து வந்த வழிபாட்டாளர் பலர் இருந்ததை இங்கு நினைக்க வேண்டும். சுற்றுலா வண்டி ஓட்டுநர்க்கும் விடுதிப் பணியாளர்க்கும் பயிற்சி அளிப்பது, ஊராருக்கு அளிப்பதற்கு இணையான இன்றியமையாமை உடையது. கடற்கரையில் வண்டி நிறுத்துமிடங்களில் மேற்கு நோக்கிய அம்புக்குறியும், கடக்க வேண்டிய தொலைவும் தமிழோடு பிற மொழிகளிலும் எழுதப்பட வேண்டும்.

புகலிடத்தில் எவ்வளவு நேரம் தங்குவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆழிப்பேரலை ஒன்றோடு நிற்பதில்லை. அரைமணி, ஒருமணி இடைவெளியில் பல வரும், முதல் அலையே பெரியது என்ற உறுதி இல்லை. முதல் அலை வடிந்ததும் பிள்ளைகளையும் பொருளையும் தேடிக் கரைக்குத் திரும்புவோரை அடுத்த அலை கொள்ளும். அதிகாரப்பூர்வமான விலக்கு அறிவிப்பு வரும்வரை பல மணி நேரம் மொட்டைமாடியிலும் மண்டபத்திலும் மக்கள் இருக்கவேண்டி வரும். ஆதலால் குடிநீர்த் தொட்டி, நிழற்கூரை, பெண்களுக்கான கழிப்பறை, யார் வந்துள்ளனர் என்று பதியும் பேரேடு ஆகியவற்றைத் தூணுக்கும் கம்பிக்கும் உரிய அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். தன் பிள்ளை அடுத்த மண்டபத்தில் இருப்பது பேரேட்டின் வழியே தெரிந்துவிட்டால், தாய் கரைக்குத் திரும்பமாட்டாள்.